குட்டிப் பாம்பு இரையைக் கக்கிக்கொண்டே இருக்கிறதா? தேற்றி எடுக்கும் முழு வழிகாட்டி

பெட்டியின் மூடியைத் திறந்ததும் முதலில் வந்தது நாற்றம்தான். அழுகலோடு ஒரு புளிப்பும் கலந்து மூக்கைப் பிடிக்க வைத்தது. தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில், மரச்சீவல் ஒட்டிக்கொண்டு, சாம்பல் நிறத்தில் ஒரு ஈரக் குவியல். இரண்டு நாளைக்கு முன் விழுங்கிய எலிக்குஞ்சு. தலைப்பக்கம் கூழாகியிருந்தது, பின்னங்கால்கள் மட்டும் விழுங்கிய நேரத்தில் இருந்த மாதிரியே இருந்தன. பாம்பு பெரும்பாலும் தலையிலிருந்துதான் விழுங்கும். அதனால் தலைதான் முதலில் கரையும். பாதிச் செரிமானத்தில் எல்லாம் வெளியே வந்திருக்கிறது என்று அதைப் பார்த்தே தெரிந்தது.

அது என் மகளுடைய கார்ன் ஸ்நேக் குட்டி. ஆரஞ்சும் சிவப்புமாக இருந்ததால் மிளகாய் என்று பெயர் வைத்திருந்தாள். டொரண்டோவில் ஜனவரி மாதக் குளிர். குட்டியின் எடை 8.6 கிராம். 'வயிறு காலியாகிவிட்டதே, பச்சைக் குழந்தை பட்டினி கிடக்கிறதே' என்று நான்காம் நாளே இன்னொரு எலிக்குஞ்சைக் கொடுத்தேன். ஆசையாகத்தான் விழுங்கியது. இரண்டு நாளில் அதையும் கக்கியது. எடை 7.1 கிராமுக்கு இறங்கிவிட்டது. முதல் முறை கக்கியதைவிட, நான் அவசரப்பட்டுக் கொடுத்த அந்த இரண்டாவது இரைதான் அதைச் சாவின் விளிம்புக்குக் கொண்டுபோனது.

நாம் யாரைப் பார்த்தாலும் முதலில் 'சாப்பிட்டாச்சா' என்று கேட்டு வளர்ந்தவர்கள். பசித்த உயிரைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. ஆனால் கக்கிய பாம்புக்கு வேண்டியது லங்கணம். காய்ச்சல் விட்ட உடலுக்குக் கஞ்சிதான் கொடுப்போம், பிரியாணி இல்லை. அந்தக் கணக்கு இங்கே அப்படியே பொருந்தும். முதலில் பட்டினி, பிறகு கஞ்சி மாதிரிச் சின்ன இரை, அதன் பிறகுதான் முழுச் சாப்பாடு.

கீழே சொல்லும் அளவுகளும் வெப்பநிலையும் கார்ன் ஸ்நேக் குட்டிக்கானவை. அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த இனம் இது. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் முதல் பாம்பாக நிறையப் பேர் வாங்குவதும் இதைத்தான். பலர் வளர்க்கும் இன்னொரு பாம்பான பால் பைத்தானுக்கு (ball python என்னும் மலைப்பாம்பு வகை) எது மாறும் என்பதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவில் நம் மண்ணின் பாம்புகளைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான் போன்ற, சைட்டீஸ் (அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள வெளிநாட்டு இனங்களை வைத்திருந்தால் பதிவு செய்ய வேண்டும் என்று 2022இல் வந்த திருத்தம் சொல்கிறது. சிங்கப்பூரில் பாம்பை வீட்டில் வளர்க்கவே அனுமதி இல்லை. உங்கள் ஊர்ச் சட்டம் என்ன என்பதை வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

கக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது

பாம்பு மெல்லாது. முழு எலி, ரோமம் எலும்போடு, வயிற்றுக்குள் போகிறது. அதைக் கரைக்க அமிலமும் நொதிகளும் நிறையச் சுரக்க வேண்டும். இதெல்லாம் நடக்க உடம்பு சூடாக இருக்க வேண்டும், அந்தச் சூடோ வெளியிலிருந்துதான் வர வேண்டும். அதனால் ஒவ்வொரு இரையின்போதும் பாம்பின் வயிற்றுக்குள் செரிமானத்துக்கும் அழுகலுக்கும் ஓட்டப்பந்தயம் நடக்கிறது. உடம்பு சூடாக இருந்தால் செரிமானம் ஜெயிக்கும். குளிர்ந்துபோனால் எலி உள்ளேயே அழுக ஆரம்பிக்கும், வாயு கட்டும். அதற்கு மேல் அதை வைத்திருப்பது ஆபத்து என்று உடம்பு வெளியே தள்ளிவிடும்.

அப்படித் தள்ளும்போது இரை மட்டும் போவதில்லை. சுரந்த அமிலம், உடம்பின் நீர், உப்புகள், குடலில் இருந்த நல்ல பாக்டீரியா என்று எல்லாம் சேர்ந்து போகிறது. மென்மையான உணவுக்குழாய் வழியாக அமிலம் மேலே ஏறி வருவதால் அது புண்ணாகிறது. பெரிய பாம்புக்கு உடம்பில் கொழுப்பு இருப்பு இருக்கும், ஒரு தடவை கக்கினால் தாங்கும். ஏழு எட்டு கிராம் குட்டிக்கு அந்த இருப்பு கிடையாது. புண்ணான உணவுக்குழாய்க்குள் நாலே நாளில் இன்னொரு முழு இரையை அனுப்பினால் அதுவும் வெளியே வரத்தான் செய்யும். ஒவ்வொரு முறையும் பாம்பு இளைக்கும், ஒவ்வொரு முறையும் செரிக்கும் திறன் குறையும்.

வெளியே வந்ததைப் பார்த்தாலே ஓரளவு துப்பு கிடைக்கும். விழுங்கிய சில மணி நேரத்தில், எலி உருக்குலையாமல், அதிக நாற்றமில்லாமல் வந்தால் அது வயிற்றுக்குள் சரியாகப் போகவே இல்லை. பாம்பு பயந்திருக்கலாம், யாராவது தூக்கியிருக்கலாம், இரை பெரிதாக இருந்திருக்கலாம். இரண்டு மூன்று நாள் கழித்து, பாதி கூழாகி, தாங்க முடியாத நாற்றத்தோடு வந்தால் வயிறு வேலையை ஆரம்பித்து முடிக்க முடியாமல் விட்டிருக்கிறது. அப்போது முதலில் சூட்டைச் சந்தேகப்படுங்கள், அதற்கடுத்து நோயை.

படி 1: பார்த்த உடனே செய்ய வேண்டியது

முதலில் பாம்பைத் தூக்கிப் பார்க்கத் தோன்றும். தூக்காதீர்கள். வாயில் ஏதாவது சிக்கியிருக்கிறதா, மூச்சு சீராக இருக்கிறதா என்று கண்ணாலேயே பாருங்கள்.

ஒரு டிஷ்யூ பெட்டியளவு பிளாஸ்டிக் டப்பாவில், காற்றுத் துளை போட்டு, கீழே ஈரமில்லாத காகிதத் துண்டு விரித்து, பாம்பை மெதுவாக அதற்குள் மாற்றுங்கள். சுத்தம் செய்யும் நேரத்துக்கு மட்டும்தான். வெளியே வந்ததைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதை ஜிப் பையில் போட்டு, அதை இன்னொரு பைக்குள் போட்டு, குளிர்சாதனப் பெட்டியில் சமையல் சாமான்களோடு சேராமல் தனியாக வையுங்கள். மருத்துவரிடம் போக வேண்டி வந்தால் அது உதவும். அருவருப்பாக இருக்கும்தான். ஆனாலும் குப்பையில் போட்டுவிட்டால் திரும்பக் கிடைக்காது.

பழைய மரச்சீவல் முழுவதையும் கொட்டிவிடுங்கள். பெட்டி, தண்ணீர்க் கிண்ணம், ஒளியிடம் (பாம்பு ஒளிந்துகொள்ள வைத்திருக்கும் சின்னக் கூடு) எல்லாவற்றையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு வாசனை துளியும் இல்லாத வரை அலசி நன்றாகக் காயவையுங்கள். அடுத்த ஒன்றரை மாதத்துக்கு மரச்சீவல் வேண்டாம். வெள்ளைக் காகிதத் துண்டு போதும். எச்சம் எப்படி இருக்கிறது, சளி இருக்கிறதா, ரத்தம் இருக்கிறதா என்பதெல்லாம் வெள்ளைக் காகிதத்தில்தான் பளிச்சென்று தெரியும்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆரோக்கியமான பாம்பின் குடலிலும் சால்மோனெல்லா இருக்கலாம். ஐந்து வயதுக்குக் கீழுள்ள குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் இந்த வேலைக்குப் பக்கத்தில் வர வேண்டாம். சமையலறைத் தொட்டியில் எதையும் கழுவ வேண்டாம்.

வீட்டில் வேறு பாம்பு இருந்தால், இன்றிலிருந்து கக்கிய பாம்பின் வேலையைக் கடைசியாகத்தான் செய்ய வேண்டும். இடுக்கி, கிண்ணம், துணி எல்லாம் அதற்குத் தனி. ஏன் என்று படி 5இல் சொல்கிறேன்.

கடைசியாக ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துத் தேதி, எடை, என்ன அளவு இரை, எத்தனை மணி நேரத்தில் கக்கியது, அப்போது தரையின் சூடு எவ்வளவு என்று எழுதி வையுங்கள். 0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு விலை அதிகமில்லை. டப்பாவோடு எடை பார்த்து, டப்பாவின் எடையைக் கழித்துவிடுங்கள்.

படி 2: காரணத்தைப் பிடியுங்கள்

காரணம் தெரியாமல் அடுத்த இரையைக் கொடுத்தால் மறுபடி கக்கும். நான் நேரில் பார்த்த அனுபவத்தில், வீட்டில் வளரும் குட்டிகள் கக்குவதற்கு முக்கால்வாசிக் காரணம் மூன்றுதான்: சூடு போதாது, சாப்பிட்ட பிறகு தூக்கினார்கள், இரை பெரிது. இந்த மூன்றையும் சரிபார்க்காமல் நோயைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பிக்காதீர்கள்.

சூட்டிலிருந்து ஆரம்பிப்போம். கார்ன் ஸ்நேக் குட்டியின் பெட்டியில் ஒரு பக்கம் தரை 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், மறுபக்கம் 22 முதல் 24. இது பாம்பு வயிறு பதித்துப் படுக்கும் தரையின் சூடு, காற்றின் சூடு இல்லை. இங்கேதான் நான் ஏமாந்தேன். பெட்டியின் சுவரில் ஒட்டியிருந்த வட்டமான முள் வெப்பமானி 28 என்று காட்டிக்கொண்டே இருந்தது. இன்ஃப்ராரெட் வெப்பமானியை வாங்கிவந்து ஒளியிடத்தைத் தூக்கி அதன் அடியில் காட்டினேன். 22.8! பெட்டி ஜன்னலோரம் இருந்தது. மரச்சீவலை ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்குப் போட்டிருந்தேன், கீழேயிருந்த ஹீட் மேட்டின் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு) சூடு அதைத் தாண்டி மேலே வரவே இல்லை. அந்தக் குட்டி தின்ற அத்தனை இரையையும் குளிர்ந்த வயிற்றோடுதான் செரிக்கப் பார்த்திருக்கிறது.

ஆகவே ஒட்டும் முள் வெப்பமானியை நம்ப வேண்டாம். உணர்கம்பி உள்ள டிஜிட்டல் வெப்பமானி ஒன்று, இன்ஃப்ராரெட் ஒன்று, இரண்டும் வேண்டும். ஹீட் மேட்டைத் தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) இல்லாமல் ஒருபோதும் போடாதீர்கள். தெர்மோஸ்டாட்டின் உணர்கம்பி நழுவாதபடி ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது நழுவிக் குளிர்ந்த இடத்தில் கிடந்தால் மேட் ஓயாமல் சூடாகிப் பாம்பைச் சுட்டுவிடும். அளவுக்கு மீறிய சூடும் கக்க வைக்கும். 33 டிகிரிக்கு மேல் போகும் தரையில் குட்டி படுக்கவே மாட்டாது, குளிர்ந்த மூலைக்கு ஓடிவிடும், அங்கே செரிக்காது. ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து ஒரு முறை அளந்து பாருங்கள். பகலில் சரியாக இருப்பது ராத்திரி வீட்டு ஹீட்டர் தணியும்போது இறங்கிவிடும். வழக்கமான நாட்களில் ராத்திரி கொஞ்சம் இறங்கினால் பாதகமில்லை, வயிற்றில் இரை இருக்கும்போது இறங்கக் கூடாது.

அடுத்தது தூக்குவது. இரை எடுத்த பிறகு 48 மணி நேரத்துக்குப் பாம்பைத் தொடக் கூடாது. கனத்த வயிற்றோடு இருக்கும் பாம்பு காட்டில் எதிரியைக் கண்டால், ஓடுவதற்காக வயிற்றில் இருப்பதைக் கக்கிச் சுமையைக் குறைக்கும். உங்கள் கை அதற்கு எதிரியின் கைதான். மிளகாய் முதல் முறை கக்கியதற்கு முந்தின நாள், வீட்டுக்கு வந்த சித்தப்பா பிள்ளைகளிடம் காட்ட மகள் அதை வெளியே எடுத்திருக்கிறாள். இரண்டே நிமிடம்தான். சூடும் போதாமல் இருந்ததால் அந்த இரண்டு நிமிடமே போதுமாகிவிட்டது. 'தனிப் பெட்டியில் வைத்து இரை கொடுத்துவிட்டுத் திரும்ப எடுத்து வையுங்கள்' என்று சொல்லும் பழக்கமும் இதனால்தான் எனக்குப் பிடிப்பதில்லை. சாப்பிட்டவுடன் தூக்க வேண்டியிருக்கிறது. வாழும் பெட்டியிலேயே கொடுங்கள்.

மூன்றாவது, அளவு. பாம்பின் உடம்பில் மிகப் பருமனான இடம் எவ்வளவோ அந்தப் பருமன், மிஞ்சிப்போனால் அதன் ஒன்றரை மடங்கு. பொரித்துச் சில வாரமே ஆன குட்டிக்கு, ரோமம் முளைக்காத சுண்டெலிக் குஞ்சு, அதாவது பிங்கி, ஒன்றுதான். இரண்டு கொடுத்தால் சீக்கிரம் வளரும் என்று நினைக்காதீர்கள். ஐந்து முதல் ஏழு நாளைக்கு ஒரு முறை போதும். முந்தைய இரையின் புடைப்பு முழுதாக வடிவதற்கு முன் அடுத்ததைக் கொடுப்பதும் கக்க வைக்கும்.

இந்த மூன்றும் சரியாக இருந்தால் மற்றவற்றைப் பாருங்கள். உறைந்த எலி நடுவில் ஐஸாகவே இருந்ததா? கொடுப்பதற்கு முன் விரலால் எலியின் வயிற்றை அழுத்திப் பார்த்தால் தெரியும். நாள்பட்ட எலியா, ஒரு முறை உருகி மறுபடி உறையவைத்ததா? சட்டை உரிக்கும் நேரமா? கண் நீலம் பூத்து, தோல் மங்கியிருக்கும்போது இரை வேண்டாம், உரித்து முடிக்கட்டும். வாங்கி வந்த அன்றே கொடுத்தீர்களா? புது வீட்டுக்கு வந்த குட்டிக்கு ஐந்தாறு நாள் தனிமை கொடுத்துவிட்டுத்தான் முதல் இரை. சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என்று இரண்டு ஒளியிடங்கள் இருக்கின்றனவா? ஒன்றுதான் இருந்தால், சூடு வேண்டுமா ஒளிந்துகொள்ள வேண்டுமா என்று பாம்பு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வரும். பயந்த குட்டி எப்போதும் ஒளிவதைத்தான் எடுத்துக்கொள்ளும். ஒளியிடமும் விசாலமாக இருக்கக் கூடாது. முதுகும் விலாவும் சுவரில் உரசினால்தான் அதற்கு நிம்மதி. நாலு பக்கமும் கண்ணாடியான பெரிய தொட்டியில் 25 சென்டிமீட்டர் குட்டியை விட்டால் அது எப்போதும் பதற்றத்திலேயே இருக்கும். செருப்புப் பெட்டியளவு பிளாஸ்டிக் டப்பா இந்த வயதுக்கு மிக நல்லது.

படி 3: பதினான்கு நாள் பட்டினி

இதுதான் கஷ்டமான படி. கக்கிய நாளிலிருந்து முழுதாகப் பதினான்கு நாள் இரை கிடையாது. முதல் முறை கக்கியது, காரணமும் தெளிவாகத் தெரிந்தது என்றால் பத்து நாளோடு நிறுத்தலாம். இரண்டாவது முறை என்றால் பதினான்கிலிருந்து ஒரு நாளும் குறைக்காதீர்கள்.

பாம்பு பசியோடு அலையும். மாலையில் பெட்டியின் ஓரங்களை மூக்கால் தள்ளும், உங்கள் நிழல் விழுந்தால் தலையைத் தூக்கி நாக்கை நீட்டிப் பார்க்கும். மிளகாய் ஆறாம் நாளே அப்படிச் செய்தது. மகள் அழுதாள். பசி வந்துவிட்டதால் வயிறு ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. பசி முதலில் வரும், உணவுக்குழாய்ப் புண் ஆறுவதும் அமிலம் பழைய அளவுக்குச் சுரப்பதும் அப்புறம்தான்.

இந்த நாட்களில் உங்கள் வேலை தண்ணீர். சுத்தமான தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். குட்டி சுருண்டு படுக்கும் அளவுக்குக் கிண்ணம் இருக்கட்டும், ஆழம் மட்டும் குறைவாக. தோலில் நீளவாக்கில் சுருக்கம் விழுந்தாலோ, கண் குழிந்தாலோ நீர்ச்சத்து குறைந்துவிட்டது. மூடியுள்ள சின்ன டப்பாவில் ஒரு துளை போட்டு, ஈரப்பாசியைப் பிழிந்து உள்ளே வைத்து, சூடான பக்கத்துக்கும் குளிர்ந்த பக்கத்துக்கும் நடுவில் வையுங்கள். வேண்டும்போது தானாக உள்ளே போய்ப் படுக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் உட்கார வைப்பதும் உண்டு, ஆனால் அதற்காகத் தூக்க வேண்டியிருப்பதால் அவசியமானால் மட்டுமே.

வேறு எதுவும் செய்யாதீர்கள். பெட்டியின் மூன்று பக்கத்தைத் துணியால் மறையுங்கள். தொலைக்காட்சி, ஸ்பீக்கர் பக்கத்தில் இருந்தால் நகர்த்துங்கள். எடை முதல் நாள் ஒரு முறை, பதினான்காம் நாள் ஒரு முறை, அவ்வளவுதான். மிளகாய் 7.1 கிராமில் ஆரம்பித்துப் பதினான்காம் நாள் 6.9 இருந்தது. சும்மா படுத்திருக்கும் பாம்பு எவ்வளவு குறைவாகச் செலவழிக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. இரண்டு முறை கக்கியதில் ஒன்றரை கிராம் போனது. இரண்டு வாரப் பட்டினியில் கால் கிராம்கூடப் போகவில்லை.

படி 4: கஞ்சி

பதினைந்தாம் நாள் மாலை. முதலில் தரைச் சூட்டை அளந்து பாருங்கள். 28க்குக் கீழே இருந்தால் இன்றைக்கு இரை இல்லை.

முதல் இரை, வழக்கமாகக் கொடுப்பதில் பாதி. கிடைப்பதிலேயே சின்ன, பிறந்த ஒரு நாள் பிங்கி கிடைத்தால் நல்லது. அது கிடைக்காவிட்டால், உறைந்த பிங்கியை உறைந்த நிலையிலேயே பிளேடால் குறுக்கே வெட்டித் தலைப்பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். உருகிய பிறகு வெட்டினால் கசங்கிப்போகும். ஜிப் பைக்குள் போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிட்டு, கொடுப்பதற்குப் பத்து நிமிடம் முன் வெந்நீர்க் கிண்ணத்தில் பையோடு மிதக்க விடுங்கள். உங்கள் மணிக்கட்டில் வைத்தால் வெதுவெதுப்பாகத் தெரிய வேண்டும். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். ஓரம் வெந்து நடு உறைந்து கிடக்கும்.

முழு பிங்கியாக இருந்தால் முதுகுத் தோலில் இரண்டு மூன்று மெல்லிய கீறல் போடுங்கள். தோல் முழுதாக இருந்தால் அமிலம் உள்ளே போக நேரமாகும், கீறல் வழியாகச் சீக்கிரம் இறங்கும். சின்ன வேலைதான், ஆனால் பலவீனமான வயிற்றுக்குப் பெரிய உதவி. ஊர்வனவற்றுக்கென்றே விற்கும் புரோபயாட்டிக் தூளில் ஒரு சிட்டிகையைத் தூவிக் கொடுப்பவர்கள் நிறைய. நானும் தூவினேன். அதனால்தான் தேறியது என்று சொல்ல மாட்டேன், கெடுதலும் பார்க்கவில்லை. நம் வீட்டுத் தயிரைத் தடவிக் கொடுக்காதீர்கள், பால் பாம்பின் உணவே இல்லை. 'பாம்புக்குப் பால்' என்பது புற்றோடு நிற்கட்டும்.

வெளிச்சத்தைக் குறைத்து, நீள இடுக்கியில் பிடித்து, ஒளியிடத்தின் வாசலில் வைத்துவிட்டு அறையை விட்டு வெளியேறுங்கள். எடுக்காவிட்டால் காலையில் அகற்றிவிட்டு ஐந்து நாள் கழித்து முயலுங்கள். வாயைத் திறந்து திணிக்கும் வேலை வேண்டாம். ஏற்கனவே புண்ணான தொண்டை அது.

விழுங்கியதா? சரி. இனி ஐந்து நாள் தொடக் கூடாது. சுத்தம் செய்யவும் கையை விட வேண்டாம், தண்ணீர் மட்டும் மாற்றுங்கள். புடைப்பு மூன்று நான்கு நாளில் வடியும். அது வடிந்தாலும் நான் நிம்மதி அடைய மாட்டேன். வெள்ளைக் காகிதத்தில் பழுப்பு எச்சமும் பக்கத்தில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பகுதியும் விழ வேண்டும். மிளகாய் ஆறாம் நாள் போட்டது, கடுகளவுதான். மகள் அதற்குப் போட்டோ எடுத்து பாட்டிக்கு அனுப்பினாள்.

எட்டு நாள் இடைவெளியில், அதே பாதி அளவில், மூன்று இரை. மூன்றும் தங்கினால் நான்காவது, சின்ன முழு பிங்கி. அந்த அளவிலேயே இன்னும் இரண்டு. அதற்கு அப்புறம்தான் வழக்கமான அளவு, வழக்கமான இடைவெளி. ஒரே நேரத்தில் அளவையும் கூட்டி இடைவெளியையும் குறைக்காதீர்கள். ஏதாவது ஒன்றை மாற்றி, இரண்டு இரை பார்த்து, பிறகு அடுத்ததை மாற்றுங்கள்.

நடுவில் மறுபடி கக்கினால்? இன்னொரு சுற்று வீட்டு வைத்தியம் வேண்டாம். இரையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

படி 5: மருத்துவர்

எல்லாக் கால்நடை மருத்துவர்களுக்கும் பாம்பு தெரிந்திருக்காது. நாங்கள் முதலில் போன இடத்தில், பாம்பைப் பார்த்ததும் கை விரித்துவிட்டார்கள். ஊர்வன பார்க்கிறவர்களைத் தேடுங்கள். ஏ.ஆர்.ஏ.வி. என்னும் ஊர்வன, நீர்நில வாழ்வன மருத்துவர் சங்கத்தின் பட்டியலில் ஊர் வாரியாகத் தேடலாம்.

இரண்டாவது முறை கக்கியதுமே நாள் குறித்துவிடுங்கள். கீழே சொல்வது எதையாவது பார்த்தால் அன்றைக்கே போங்கள்: வெளியே வந்ததில் ரத்தம், வாயைத் திறந்து மூச்சு விடுதல், மூக்கிலோ வாயிலோ நுரை, வயிற்றுச் செதில்கள் சிவந்து போதல், இரை இல்லாதபோதும் உடம்பின் நடுவில் நிலையான புடைப்பு, மல்லாத்தினால் நிமிர முடியாமல் கிடத்தல்.

போகும்போது எடுத்து வைத்த ஜிப் பை, கிடைத்தால் 24 மணி நேரத்துக்குள் போட்ட எச்சம், உங்கள் நோட்டுப் புத்தகம், மூன்றும் கையில் இருக்கட்டும். குளிர்காலத்தில் பாம்பைத் துணிப்பையில் போட்டு, தெர்மக்கோல் பெட்டிக்குள் வைத்து, துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியோடு கொண்டுபோங்கள். எச்சத்தில் புழு முட்டைகளையும் ஒற்றைச்செல் உயிரிகளையும் நுண்ணோக்கியில் தேடுவார்கள். சிலவற்றுக்கு மருந்து உண்டு. அந்த மருந்தை நீங்களே வாங்கிக் கொடுக்காதீர்கள். ஒற்றைச்செல் உயிரிகளுக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் அளவு மிஞ்சினால் பாம்பின் நரம்பைக் கெடுக்கும், ஏழு கிராம் உயிரில் அளவு மிஞ்ச ஒரு சொட்டு போதும்.

எல்லோரும் பயப்படும் பெயர் ஒன்று உண்டு: கிரிப்டோ. முழுப்பெயர் கிரிப்டோஸ்போரிடியம் செர்பென்டிஸ். இது இரைப்பையின் உள்சுவரில் குடியேறி அதைத் தடிக்க வைக்கும். அதனால்தான் நடுவுடம்பில் புடைப்பு தெரியும். எவ்வளவு சரியாக வளர்த்தாலும் பாம்பு கக்கிக்கொண்டே இருக்கும், இளைத்துக்கொண்டே வரும். முழுதாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் கைக்கு வரவில்லை. அமில எதிர்ப்புச் சாயம் போட்டும் பி.சி.ஆர். மூலமும் கண்டுபிடிப்பார்கள். கிருமி எல்லா நாளும் எச்சத்தில் வெளிவராது. அதனால் ஒரு சோதனையில் 'இல்லை' என்று வந்தால் அதோடு முடியவில்லை. சில வார இடைவெளியில் திரும்பப் பார்க்கச் சொல்வார்கள். சாதாரண ப்ளீச்சுக்கு இது சாகாது. அதனால்தான் படி 1இல் தனி இடுக்கி, தனிக் கிண்ணம் என்று சொன்னேன். மருத்துவர் அம்மோனியா பயன்படுத்தச் சொன்னால், ப்ளீச் பட்ட எதன்மேலும் அதை ஊற்றாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் விஷவாயு வரும்.

ஒரு குட்டிக்கு கிரிப்டோ உறுதியாகி, மருத்துவர் கருணைக் கொலை பற்றிப் பேசினால், பொறுமையாகக் கேளுங்கள். வீட்டில் வேறு பாம்புகள் இருக்கிறவர்களுக்கு அது இன்னும் கனமான முடிவு. யாரும் அதை இலேசாகச் சொல்ல மாட்டார்கள்.

பால் பைத்தானும் போவாவும்

பால் பைத்தான் குட்டிக்கு சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி வேண்டும், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. ஈரப்பதமும் கூடுதலாக, 60 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும். பட்டினி, பாதி இரை, மெதுவாகக் கூட்டுவது எல்லாம் இதே முறைதான், எலியின் அளவு மட்டும் பெரிது. இந்த இனம் தானாகவே வாரக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து பெரிய இரையாகக் கொடுத்துத்தான் பலர் கக்க வைக்கிறார்கள்.

போவா (boa, வீட்டில் வளர்க்கும் இன்னொரு பெரிய பாம்பு வகை) அடிக்கடி கக்கினால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். போவா, மலைப்பாம்பு வகைகளைத் தாக்கும் வைரஸ் நோய் ஒன்று உண்டு, ஐ.பி.டி. என்பார்கள். போவாக்களில் திரும்பத் திரும்பக் கக்குவது அதன் அறிகுறிகளில் ஒன்று. தலை கட்டுப்பாடில்லாமல் மேல்நோக்கித் திரும்புவதும் தெரிந்தால் மற்றப் பாம்புகளிடமிருந்து அன்றே பிரித்துவிடுங்கள்.

அடுத்த சில மாதங்கள்

ஒரு முறை கக்கிய பாம்பு, தேறிய பிறகும் சில மாதம் மென்மையாகத்தான் இருக்கும். இரை கொடுத்த பிறகு மின்சாரம் போனால் என்ன செய்வது என்று இப்போதே யோசித்து வையுங்கள். எங்கள் வீட்டில் வெந்நீர்ப் புட்டி இரண்டும், பெட்டியைச் சுற்றிக் கட்ட ஒரு கம்பளியும் அலமாரியில் தயாராக இருக்கின்றன. புயல் எச்சரிக்கை வந்தால் அந்த வாரம் இரையைத் தள்ளிப்போடுவோம். ஒரு வாரம் தள்ளிப்போனால் குட்டிக்கு ஒன்றும் ஆகாது.

மிளகாய் ஏப்ரல் கடைசியில் 11 கிராம் வந்தது. ஒன்பதாவது இரைக்கு அப்புறம்தான் மகள் அதை முதன்முதலாகக் கையில் எடுத்தாள், இரை கொடுத்த நான்காம் நாள், ஐந்து நிமிடம். பெட்டியின் மூடியில் அவள் ஒட்டிய காகிதம் இன்னும் இருக்கிறது. கடைசியாக இரை கொடுத்த தேதி, அதற்குக் கீழே தொடலாம் என்கிற தேதி, அதற்கும் கீழே தரையின் சூடு. வீட்டுக்கு யார் வந்தாலும் அதைப் படித்துவிட்டுத்தான் மூடியில் கை வைக்கிறார்கள்.